உன்னதப்பாட்டில் இருப்பது மனிதக் காதலா, இறைக்காதலா?

கேள்வி இதுதான்: "பைபிளில் உன்னதப்பாட்டு என்று ஒரு புத்தகம் இருக்கிறது. முத்தம், மார்பு, திராட்சரசம், இரவு என்று முழுக்கக் காதல். கடவுளைப் பற்றிப் பேச்சே இல்லை. இது எப்படி வேதத்துக்குள் வந்தது? கடவுளுக்கும் பக்தர்களுக்கும் உள்ள அன்பைச் சொல்கிறது என்பதெல்லாம் பிற்காலச் சமாளிப்பா? இது நம் சங்கப் பாடல்களின் தாக்கத்தில் எழுதப்பட்டது என்றும் சொல்கிறார்களே, உண்மையா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது மனிதக் காதலைப் பாடும் பாட்டு. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பக்திப் பொருள் பிறகு வந்தது. ஆனால் அதைச் சமாளிப்பு என்று தள்ளிவிட முடியாது. அந்தப் பொருள் வருவதற்கான வழியை எபிரேயத் தீர்க்கதரிசிகள் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். அதை விளக்குவதற்கு முன் பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இதைப் பற்றி வாதாடுகிற பலர் பாட்டை நிதானமாகப் படிப்பதில்லை.

மொத்தம் 8 அதிகாரங்கள், 117 வசனங்கள். கத்தோலிக்கரின் பொது மொழிபெயர்ப்பில் இதற்கு 'இனிமைமிகு பாடல்' என்று பெயர். முதல் வரியில் சாலொமோன் பெயர் வருவதால் அவர் எழுதியது என்பது மரபு. சாலொமோன் கிமு 10ஆம் நூற்றாண்டு இஸ்ரவேல் அரசர். ஆனால் 4ஆம் அதிகாரத்தில் தோட்டத்துக்குப் பாரசீக மொழியிலிருந்து வந்த சொல் ஒன்று இருக்கிறது. அதனால் இன்றைய வடிவம் பாரசீக ஆட்சிக்காலத்திலோ அதற்குப் பிறகோ உருவானது என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அதே சமயம் 6:4இல் அவளுடைய அழகு திர்சா நகரத்தோடு ஒப்பிடப்படுகிறது. வட இஸ்ரவேலுக்குத் திர்சா தலைநகராக இருந்தது கிமு 9ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைதான். ஆக, பல காலத்துப் பாடல்கள் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்க வேண்டும்.

பாட்டைத் திறந்ததும் கேட்பது ஒரு பெண்ணின் குரல். அவன் தன்னை முத்தமிட வேண்டும் என்று எந்த முன்னுரையும் இல்லாமல் தொடங்குகிறாள். பாட்டில் பாதிக்கு மேல் பேசுபவள் அவள்தான். நான் கறுப்பு, ஆனாலும் அழகு என்கிறாள். அண்ணன்மார் கோபத்தில் அவளைத் திராட்சத்தோட்டக் காவலுக்கு அனுப்பிவிட்டார்கள், வெயில் சுட்டுவிட்டது, சொந்தத் தோட்டத்தைக் காக்க முடியவில்லை. சொந்தத் தோட்டம் என்றால் என்ன என்பதைக் கேட்கிறவர் புரிந்துகொள்வார் என்று விட்டுவிடுகிறாள். இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மா, அம்மாவின் வீடு, அம்மாவின் அறை என்று திரும்பத் திரும்ப வருகிறது. அப்பா ஒரு இடத்தில்கூட இல்லை. வம்சவரலாறு முழுவதும் 'இன்னாரின் மகன் இன்னார்' என்று எழுதிய ஒரு சமூகத்தின் வேதத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

5ஆம் அதிகாரத்தின் இரவுக்காட்சியை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அவள் தூங்குகிறாள், ஆனால் நெஞ்சு விழித்திருக்கிறது. கதவு தட்டும் சத்தம். "திற, என் தலை பனியால் நனைந்திருக்கிறது" என்கிறான். அவள் பிகு செய்கிறாள்: உடுப்பைக் கழற்றிவிட்டேன், மறுபடி உடுத்த வேண்டுமா? கால் கழுவிவிட்டேன், மறுபடி அழுக்காக்க வேண்டுமா? அவன் கதவின் துவாரம் வழியாகக் கையை நீட்டுகிறான். அவள் உள்ளம் பதறுகிறது. எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், விரல்களிலிருந்து வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் வடிகிறது. கதவைத் திறந்தால் அவன் இல்லை. தேடிக்கொண்டு தெருவில் இறங்குகிறாள். நகரக் காவலர்கள் அவளைப் பிடித்து அடிக்கிறார்கள், காயப்படுத்துகிறார்கள், மேலாடையைப் பறித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு அவள் என்ன செய்கிறாள்? காவலர்களைப் பற்றிப் புகார் சொல்லவில்லை, அழவில்லை. "எருசலேமின் பெண்களே, அவனைப் பார்த்தால் நான் காதலால் நோயுற்றிருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்கிறாள். அவர்கள், "மற்றவர்களைவிட உன் ஆள் எதில் உயர்ந்தவன்?" என்று கேட்க, தலைமுடி முதல் கால் வரை அவனைப் பாடத் தொடங்குகிறாள். தலை தங்கம், முடி அண்டங்காக்கைக் கறுப்பு, கால்கள் பொன் பீடத்தில் நின்ற பளிங்குத் தூண்கள். கடைசியில், "இவன்தான் என் காதலன், இவன்தான் என் நண்பன்." அவள் முடிப்பது அந்த நண்பன் என்ற இடத்தில். பெண் ஆணின் உடலை இப்படிப் பார்த்துப் பாடுவது பண்டைய இலக்கியம் எதிலும் எளிதில் கிடைக்காது.

உவமைகளைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. கூந்தல் வெள்ளாட்டு மந்தையாம், பல் மயிர் கத்தரித்த செம்மறியாம், கழுத்து கோபுரமாம்! அந்த ஊர் நிலத்தோடு சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வராது. கீலேயாத் யோர்தானுக்குக் கிழக்கே உள்ள மலைநாடு. அங்கே மேயும் கறுப்பு ஆடுகள் சரிவில் மொத்தமாக இறங்கும்போது தூரத்திலிருந்து பார்த்தால் மலையே அலையலையாக அசைவதுபோல் இருக்கும். கூந்தல் தோளில் புரள்வது அப்படித்தான். பற்களுக்குச் சொன்ன செம்மறிகள் மயிர் கத்தரித்து, குளிப்பாட்டி, அப்போதுதான் கரையேறியவை. ஒவ்வொன்றும் இரட்டைக்குட்டி போட்டது, எதுவும் மலடில்லை. அதாவது வெள்ளை வெளேர் என்று, மேலும் கீழும் சரிசமமாக, ஒன்றுகூட விழாமல் இருக்கின்றன. இங்கே ஒப்புமை வடிவத்தில் இல்லை, அசைவிலும் நிறைவிலும் இருக்கிறது. அவளோ அவனை எங்கேதித் தோட்டத்து மருதோன்றிப் பூங்கொத்து என்கிறாள். எங்கேதி சாக்கடலின் மேற்குக் கரையில் உள்ள ஊற்று. சுற்றிலும் வறண்ட பாறை, நடுவில் அந்த ஒரு பச்சை. அங்கே பூத்த மருதாணி என்றால் வாசனை எவ்வளவு தூரம் போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கேள்வியின் முக்கியமான பகுதி. காதல் சரி, இதில் பக்தியும் பற்றுறுதியும் எங்கே?

பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, பாட்டுக்குப் பேர் கொடுத்த அதே சாலொமோனுக்கு எதிராக. 6:8இல் அறுபது ராணிகள், எண்பது மறுமனையாட்டிகள், எண்ணில்லாத இளம்பெண்கள் என்று அரண்மனைக் கணக்கு வருகிறது. உடனே அடுத்த வரி: என் புறாவோ ஒருத்திதான். 8:11இல் சாலொமோனுக்குப் பாகால் ஆமோனில் ஒரு திராட்சத்தோட்டம், அதன் பலனுக்கு ஆயிரம் வெள்ளிக்காசு. அதற்கு வரும் பதில், "என் தோட்டம் என் முன்னே இருக்கிறது, ஆயிரத்தை நீரே வைத்துக்கொள்ளும் சாலொமோனே" என்பது. இதைச் சொல்வது அவளா அவனா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. யார் சொன்னாலும் ஏளனம் ஒன்றுதான். முதலாம் ராஜாக்கள் புத்தகம் சாலொமோனுக்கு 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள் என்கிறது. கூட்டினால் அந்த ஆயிரம். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை. ஆயிரம் பேரை வைத்திருந்தவனுக்கு, ஒருத்தியை மட்டும் விரும்புகிறவனிடம் இருப்பது கிடைக்கவில்லை என்பதுதான் இந்தப் பாட்டின் வாதம். வீட்டுச் சொத்தையெல்லாம் காதலுக்கு விலையாகக் கொடுக்க வந்தால் அவமானம்தான் மிஞ்சும் என்று 8:7 வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

அதற்கு முந்தைய வசனம்தான் புத்தகத்தின் சிகரம். அவள் கேட்கிறாள்: உன் நெஞ்சின்மேல் முத்திரையாக என்னை வைத்துக்கொள், உன் கையின்மேல் முத்திரையாக. அன்றைய முத்திரை என்பது பெயரோ உருவமோ செதுக்கிய சிறிய கல். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினால் நெஞ்சில் கிடக்கும், மோதிரமாகவும் போட்டுக்கொள்வார்கள். ஈரக் களிமண்ணில் அழுத்தினால் அதுதான் கையெழுத்து. ஆதியாகமத்தில் யூதா தாமாரிடம் அடகாகக் கொடுத்தது இந்த முத்திரையையும் அதன் கயிற்றையும் கைக்கோலையும்தான். அதை வைத்தே பிறகு ஆள் யாரென்று நிரூபணமாகிறது. ஆக, அவள் கேட்பது அழகுக்கு அணியும் நகையாக இருக்க அல்ல. நீ யார் என்று உலகத்துக்குச் சொல்லும் அடையாளமாக நான் இருக்க வேண்டும் என்கிறாள்.

தொடர்ந்து, காதல் மரணத்தைப்போல் வலியது, அதன் வைராக்கியம் பாதாளத்தைப்போல் கொடியது, பெருவெள்ளமும் அதை அணைக்காது என்கிறாள். அந்தப் பகுதி மக்களுக்கு மரணமும் பெருநீரும் வெறும் உருவகங்கள் இல்லை. சிரியாக் கடற்கரையில் உகாரித் என்ற பழைய நகரத்தில் 1929 முதல் களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றில் மரணமும் கடலும் பாகால் என்ற தெய்வத்தோடு போரிடும் தெய்வங்கள். அப்படிப்பட்ட ஆற்றல்களுக்கு நிகராக ஒரு பெண் தன் காதலை நிறுத்துகிறாள். இதே வசனத்தில் தழலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லின் கடைசி அசை 'யா'. அது கடவுள் பெயரின் சுருக்கமாக இருக்கலாம், 'கடுமையான' என்று அழுத்தம் தரும் ஒட்டாகவும் இருக்கலாம். புத்தகம் முழுவதும் கடவுள் பெயர் வருவதாகக் காட்டக்கூடிய ஒரே இடம் இதுதான்.

சரி, இது எப்படி இறைக்காதலானது? இதற்குத் தீர்க்கதரிசிகளிடம் போக வேண்டும். கிமு 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் பேசிய ஓசியா, கடவுளைக் கணவனாகவும் இஸ்ரவேலைத் துரோகம் செய்த மனைவியாகவும் சொன்னார். அவருடைய 2ஆம் அதிகாரத்தில் கடவுள் கோபித்து, தண்டிப்பேன் என்று மிரட்டி, கடைசியில் அவளை வனாந்தரத்துக்குக் கூட்டிப்போய் நெஞ்சோடு பேசுவேன், என்றென்றைக்கும் எனக்கென்று நிச்சயித்துக்கொள்வேன் என்கிறார். எரேமியா, இஸ்ரவேலின் இளமைக்கால அன்பையும் மணப்பெண்ணாக வனாந்தரத்தில் பின்தொடர்ந்து வந்ததையும் நினைவுகூர்கிறார். ஏசாயா 5ஆம் அதிகாரம் காதல் பாட்டாகவே தொடங்குகிறது: என் நேசருக்கு அவருடைய திராட்சத்தோட்டத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவேன். நிலத்தைக் கொத்தி, கல் பொறுக்கி, நல்ல கொடி நட்டு, கோபுரம் கட்டி, ஆலை அமைத்துக் காத்திருந்தால் கிடைத்தது கசப்புப் பழம். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தலையாட்டும்போது, அந்தத் தோட்டம் நீங்கள்தான் என்று முடிக்கிறார்.

இவற்றை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று புரியும். தீர்க்கதரிசிகளிடம் கடவுளோடு கல்யாணம் என்ற பேச்சு பெரும்பாலும் காயப்பட்டவனின் பேச்சு. எசேக்கியேல் 16, 23ஆம் அதிகாரங்களில் அது படிக்க மனம் கூசும் அளவுக்கு வன்முறையாகிறது. அங்கே மனைவிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாயே கிடையாது. உன்னதப்பாட்டிலோ பேசுவதே பெரும்பாலும் அவள். குற்றச்சாட்டும் தண்டனையும் இல்லை. "என் காதலன் எனக்கு உரியவன், நான் அவனுக்கு உரியவள்" என்று 2:16இல் சொன்னதை 6:3இல் முன்பின்னாக மாற்றிச் சொல்கிறாள். யார் முதல், யார் அடுத்து என்ற வரிசைகூட நிலையாக இல்லை. கடவுளோடு ஒரு திருமணம் என்று ஏற்கெனவே பேசிப் பழகிய மக்களுக்கு, அந்தத் திருமணத்தின் மகிழ்ச்சியான பக்கம் இந்தப் பாட்டில்தான் கிடைத்தது. அதனால்தான் அவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது சண்டையில்லாமல் நடக்கவில்லை. கிபி 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பில், இந்தப் புத்தகம் புனிதமானதா என்ற விவாதம் பதிவாகியிருக்கிறது. அங்கே ரபி அகிவா என்ற யூத வேத ஆசிரியர் சொன்னது புகழ்பெற்றது: இஸ்ரவேலுக்கு இந்தப் பாட்டு கொடுக்கப்பட்ட நாளுக்கு உலகம் முழுவதும் ஈடாகாது, வேத எழுத்துகள் எல்லாம் பரிசுத்தம், இது மகா பரிசுத்தம். அதே அகிவா, விருந்து வீடுகளில் இதைக் குரல் நெளித்துச் சாதாரணப் பாட்டாகப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்று எச்சரித்ததாகத் தொசெப்தா என்ற இன்னொரு தொகுப்பு சொல்கிறது. ஆட்கள் அப்படிப் பாடிக்கொண்டிருந்ததால்தானே தடுக்க வேண்டியிருந்தது? எனக்கு இந்த இரண்டு செய்தியுமே பிடிக்கும். விருந்தில் பாடியவர்களும் தவறாகப் படிக்கவில்லை, அகிவாவும் தவறாகப் படிக்கவில்லை.

அப்புறம் யூத மரபில் இது பஸ்கா பண்டிகையோடு சேர்ந்தது. அந்தப் பண்டிகை நினைவுகூரும், இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வெளியேறிய நிகழ்ச்சி கடவுளின் காதல் கதை என்பது ஒரு காரணம். "மாரிக்காலம் போயிற்று, மழை ஓய்ந்தது" என்ற 2ஆம் அதிகாரத்தின் வசந்தம் சரியாக அந்தப் பருவம் என்பது இன்னொன்று. ஸ்பெயின் வழிவந்த செபர்தி யூதர்களில் பலர் ஒவ்வொரு வெள்ளி மாலையும் படிக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் சபேத் நகரில் ஷ்லோமோ அல்கபேட்ஸ் எழுதிய, ஓய்வுநாளை மணப்பெண்ணாக வரவேற்கும் 'லெகா தோதி' பாடல் தன் முதல் சொற்களை 7ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது.

கிறிஸ்தவ மரபில் 3ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன் தொடங்கி, மணவாளன் கிறிஸ்து, மணவாட்டி திருச்சபை அல்லது ஆன்மா என்று படித்தார்கள். கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு 1135 முதல் 1153இல் இறக்கும்வரை 86 பிரசங்கங்கள் செய்தும் 3ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் தொட்டார். இந்த வாசிப்பு ஒரு கட்டத்தில் வேலியாகவும் மாறியது. ஸ்பெயினின் சலமான்கா பேராசிரியரான துறவி லூயிஸ் தெ லியோன், ஒரு கன்னியாஸ்திரீக்காக இதை எபிரேயத்திலிருந்து நேரடியாக ஸ்பானிஷில் ஆக்கி, காதல் பாட்டாகவே அதன் நேர்ப்பொருளை விளக்கினார். மதக்கொள்கை மீறியவர்களைத் தண்டிக்கும் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரை 1572 முதல் 1576 வரை சிறையில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். நேர்ப்பொருளைச் சொன்னால் பக்தி போய்விடும் என்ற பயம் எனக்கு எப்போதும் புரிந்ததில்லை. பனியில் நனைந்த தலையும் தாழ்ப்பாளில் வழிந்த வெள்ளைப்போளமும் இல்லாவிட்டால், ஆன்மா கடவுளைத் தேடி அலைகிறது என்று பெர்னார்டு எதை வைத்துப் பேசியிருப்பார்?

இனி சங்கப் பாடல்கள். இந்தக் கருத்தை முன்வைத்தவர் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர் கைம் ராபின், 1973இல் எழுதிய கட்டுரையில். பெண்குரலின் ஏக்கம், காதலோடு பிணைந்த இயற்கை, இந்தியாவிலிருந்து போன வாசனைப் பொருள்கள் ஆகியவற்றைக் காட்டி, வணிகர்கள் வழியாகத் தமிழ் அகப்பாடல் மரபு அங்கே போயிருக்கலாம் என்றார். 1988இல் ஆபிரகாம் மரியசெல்வம் இரண்டையும் ஒப்பிட்டு முழு நூலே எழுதினார்.

ஒப்புமை பொய்யில்லை. 4:14இன் வாசனைப் பட்டியலில் உள்ள நளதம் இமயமலைச் செடி. காதலர்களுக்குப் பெயர் இல்லாதது, தோழியர்போல் நிற்கும் எருசலேம் பெண்கள், இரவுச் சந்திப்பைக் கெடுக்கும் காவலர் எல்லாம் அகத்துறை படித்தவருக்கு உடனே பழகியவையாகத் தெரியும். ஆனாலும் தாக்கம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று நம் கையில் உள்ள சங்கப் பாடல்கள் சாலொமோன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அதைவிட முக்கியம், பக்கத்து வீடான எகிப்தில் கிமு 1300 முதல் 1100 வரையிலான காதல் பாடல்கள் பாப்பிரஸ் சுருள்களிலும் மண்பாண்ட ஓடுகளிலும் கிடைத்திருக்கின்றன. அங்கும் பெண் தன் வாயால் பேசுகிறாள், காதலியைச் 'சகோதரி' என்கிறார்கள். உன்னதப்பாட்டிலும் "என் சகோதரியே, என் மணவாளியே" என்று வருகிறது. ஓர் எகிப்தியக் காதலன் அவள் விரலில் முத்திரை மோதிரமாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறான். உறவு தேட வேண்டுமானால் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் அறிந்தவர்களுக்கு, கடவுளைக் காதலனாகவும் தன்னைக் காதலியாகவும் வைத்துப் பாடும் நாயகி பாவம் புதிதில்லை என்பதால் பக்தி வாசிப்பு எளிதாகப் பிடிபடும். ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆண்டாள் கண்ணனைப் பெயர் சொல்லியே பாடுகிறாள். உன்னதப்பாட்டின் பெண் தன் காதலனை மட்டுமே பாடுகிறாள். அவனைக் கடவுளாகக் கண்டது அவளுக்குப் பின் வந்த வாசகர்கள்.

படிக்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். யார் பேசுகிறார் என்பது மூலத்தில் சொற்களின் ஆண்பால், பெண்பாலிலிருந்து தெரியும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'நீர், உமது' என்று வந்தால் பெரும்பாலும் அவள் அவனிடம் பேசுகிறாள். 'நீ, உன்' என்று வந்தால் அவன் அவளிடம். முதலில் 2:8 முதல் 17 வரை, அடுத்து 5ஆம் அதிகாரம், பிறகு 8:6 முதல் 12 வரை வாய்விட்டுப் படியுங்கள். அது முடிந்த கையோடு ஓசியா 2, ஏசாயா 5:1-7. இந்த வரிசையில் படித்தால், காதல் பாட்டு எந்த இடத்தில் பக்திப் பாட்டோடு சேர்ந்தது என்பதற்கு என் விளக்கம் தேவைப்படாது.